பொன்னூசி சங்கத்துக்குக் காட்டுத்தீ வந்த கதை

ஆரணியில் காடு கிடையாது. ஊருக்குள் யாரை நிறுத்திக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். காடு பார்க்க ஆசைப்படுகிறவர் படவேட்டுப் பேருந்தில் ஏறி, ஜவ்வாது மலையடிவாரம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவேண்டும். அப்படியிருந்தும் போன பங்குனியில் பொன்னூசி பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. இருபது பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஒவ்வொரு பணியிடமும் அறுபது நாளைக்குள் காட்டுத்தீக்குத் தயாராகிவிட வேண்டும், தயாரானதற்குப் புகைப்பட ஆதாரம் அனுப்ப வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. கீழே 'பணியிட ஆயத்த முகமை' என்று வட்டமாக ஒரு முத்திரை.

எங்கோ மலைமேல் இருக்கும் தேயிலைத் தோட்டங்களுக்காக எழுதிய கடிதம் அது என்பது படித்தால் எவருக்கும் புரியும். மூன்றாம் பக்கத்தில், 'தேயிலைக்கும் கட்டடத்துக்கும் இடையே குறைந்தது பத்து மீட்டர் இடைவெளி விட வேண்டும்' என்றே இருந்தது. ஆனால் சங்கத்தின் செயலாளர் லோகநாதன் மேலிடத்துக் கடிதங்களைப் புரிந்துகொள்வதற்காகப் படிப்பவர் அல்லர், கீழ்ப்படிவதற்காகப் படிப்பவர். அன்று மாலையே டீ போடுகிற இடத்திலிருந்த தேயிலைத் தூள் டப்பாவை எடுத்துப் போய், டேப் வைத்து அளந்து, பத்து மீட்டருக்கு அப்பால் வேப்பமரத்துக் கிளையில் கட்டச் சொன்னார். அதற்கப்புறம் தறிக்கூடத்தில் யாருக்காவது டீ வேண்டுமென்றால் ஒருவர் கரண்டியோடு மரத்தடிக்குப் போய்வர வேண்டியிருந்தது.

மறுநாள் காலை சாயப்பட்டறையிலிருந்து ஜெயவேலைக் கூப்பிட்டனுப்பினார். ஜெயவேல் இருபத்திரண்டு வருஷமாகப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அன்றைக்கு அரக்கு நிறம் தோய்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை சிவந்த கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"ஜெயவேலு, உன் மாமியார் வூடு எங்க?"

"படவேடு சார்."

"அங்க மலை கீதா?"

"பக்கத்துல கீது சார்."

"மலையில காடு?"

"அதுவும் கீது சார். ஏன் சார், யாருக்குனா எதுனா ஆச்சா?"

"அப்போ நீதான்," என்று லோகநாதன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். "நம்ம சங்கத்துல காடு அனுபவம் உள்ள ஒரே ஆள் நீ. இன்னியிலேர்ந்து நீ காட்டுத்தீப் பொறுப்பு அலுவலர்."

மாமியார் வீட்டுக்குத் தான் ஆடிக்கும் தீபாவளிக்கும்தான் போவதாகவும், அங்கேயும் காட்டுப் பக்கம் போனதில்லை என்றும் ஜெயவேல் சொல்லிப் பார்த்தார். லோகநாதன் மேசைக்கு அடியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டையை எடுத்து நீட்டினார். குறுக்கே வெள்ளிப் பட்டை ஓடியது. வேலை நேரம் முழுக்க அதைப் போட்டிருக்க வேண்டுமாம். கொதிக்கிற சாயத் தொட்டிக்கு முன்னால் சித்திரை வெயிலில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றபோது ஜெயவேலுக்குக் காட்டுத்தீ எப்படியிருக்கும் என்பது கொஞ்சம் கொஞ்சமாக விளங்க ஆரம்பித்தது.

ஆனால் ஜெயவேல் கொடுத்த வேலையைத் தட்டிக்கழிக்கத் தெரியாதவர். சட்டையோடு சங்கத்தைச் சுற்றி வந்து பார்த்தார். முன்பக்கம் தெரு. ஒரு பக்கம் சாயப்பட்டறை. மறுபக்கம் நூல் கிடங்கு. பின்பக்கம் போனதும் நின்றுவிட்டார். ஏரி வற்றிக் கிடந்தது. கோரையும் புல்லும் இடுப்பளவு வளர்ந்து சருகாகிப் போய், நடுநடுவே சீமைக்கருவேல முள்ளோடு தறிக்கூடத்துச் சுவர் வரைக்கும் வந்திருந்தன. அந்த வழியே குறுக்கே நடக்கிறவர்கள் பீடியைப் போட்டுவிட்டுப் போன தடமும் இருந்தது. உள்ளே இருபத்து நான்கு தறி. ஒவ்வொன்றிலும் நீளவாட்டில் பட்டு நூல் பாவு ஓடிக்கொண்டிருந்தது. மேலே கூரைக்கு மர உத்தரம்.

அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். 'ஐயா, பின்பக்கம் காய்ந்த புல்லை அறுக்க வேண்டும். நான்கு ஆள், இரண்டு நாள், அரிவாள் எங்களிடம் உள்ளது.'

மூன்றாம் நாள் அந்தத் தாள் திரும்பி வந்தது. மூலையில் லோகநாதன் எழுதியிருந்தார்: 'காட்டுத்தீ தொடர்பான மனுக்களை மட்டும் அனுப்பவும்.'

*

பத்து நாள் கழித்து முகமையின் மண்டல ஒருங்கிணைப்பாளர் ஸ்வர்ணலதா மேடம் வந்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடிக்கணினி. தறிகளை நிறுத்திவிட்டு எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஏதோ வெளிநாட்டில் காடு எரிகிற படங்களைக் காட்டினார். ஒரு படத்தில் கரடி ஓடியது. நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற கமலம் பக்கத்திலிருந்தவளிடம், "நம்ம கொசத் தெருவுக்கும் கரடி வருமாடி?" என்று கேட்டது மேடம் காதில் விழவில்லை.

"தீ வருமா வராதாங்கறது நம்ம கையில இல்லை," என்றார் மேடம். "ஆனா தீ வந்த அன்னைக்குக் கோப்பு சரியா இருக்கணும். எத்தனையோ இடத்துல பார்த்திருக்கேன். தீயை அணைச்சுடறாங்க. கோப்பைத் திறந்தா ஒண்ணும் இல்லை. அந்த மாதிரி அணைச்சது கணக்கிலேயே வராது. அதனால வருத்தப்படறவங்க யாரு? நாங்கதான்."

லோகநாதன் மட்டும் கை தட்டினார்.

ஜெயவேல் எழுந்து நின்றார். "மேடம், ஒரு விஷயங்க. பின்னால ஏரியில புல்லு காஞ்சு கெடக்குதுங்க. ஒரு பொறி பட்டா கூடம் போயிடும். அத்த மட்டும் அறுக்க உத்தரவு குடுத்தீங்கன்னா..."

"அது காடா?"

"இல்லீங்க மேடம். புல்லு."

"புல்லு வேற துறை. ஏரி இன்னொரு துறை. நான் காட்டுக்கு மட்டும்தான் அதிகாரி," என்று மேடம் பொறுமையாகச் சொன்னார். "புல்லுல பிடிக்கிற தீயை இதுல சேர்த்தா, நாளைக்கு அடுப்புல பிடிக்கிற தீயையும் சேர்க்கச் சொல்லுவாங்க. எங்கேயாவது ஒரு வரையறை வேணுமில்லையா?"

பிறகு மடிக்கணினியில் படிவத்தை நிரப்பத் தொடங்கினார்கள். நான்காவது கேள்வியிலேயே தடங்கல் வந்தது. பணியிடத்துக்கும் காட்டுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்விக்கு ஜெயவேல் உத்தேசமாக முப்பது என்றார். கணினி ஏற்கவில்லை. ஐந்துக்கு மேல் எந்த எண்ணைப் போட்டாலும் சிவப்பாகிக் கத்தியது.

"காடு இவ்வளவு தூரத்துல இருக்கக் கூடாதே," என்றார் மேடம் கவலையோடு.

"கொஞ்சம் கிட்ட கொண்டாந்துடலாங்க மேடம்," என்றார் லோகநாதன்.

நான்கு புள்ளி எட்டு என்று போட்டார்கள். ஜவ்வாது மலை ஒரு சத்தமும் இல்லாமல் பக்கத்து ஊரான களம்பூருக்கும் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது. கணினி பச்சையாகிவிட்டது. மேடத்தின் முகமும் மலர்ந்தது.

போகும்போது இரண்டு கட்டளைகள் சொன்னார். பின்னணியில் காடு தெரியாத ஒத்திகைப் படத்தை மேலிடம் ஏற்காது. அப்புறம், கட்டடத்திலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு திறந்தவெளியில் 'ஒன்றுகூடும் இடம்' என்று பலகை நட வேண்டும்.

லோகநாதன் இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்தார். திறந்தவெளி என்று சங்கத்துக்கு இருந்தது ஏரி ஒன்றுதான். அதனால் பச்சைப் பலகையைக் காய்ந்த கோரைக்கு நட்டநடுவில் நட்டார். காட்டுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தார். பதினாறு அடி அகலத்தில் ஊசியிலை மரங்களாக நிற்கும் காடு. பாதி எரிந்துகொண்டிருந்தது. வலது மூலையில், எரிகிற மரத்துக்குப் பக்கத்திலேயே, லோகநாதன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு அகலமான ஃப்ளெக்ஸைக் கட்டத் தறிக்கூடத்தின் பின்சுவர்தான் பொருந்தியது. கட்டி முடித்ததும் பின்வாசல் காணாமல் போனது.

"சார், பின்வாசல மூடிட்டோமே," என்றார் ஜெயவேல்.

"காடு பின்னாடிதான் இருக்கணும் ஜெயவேலு. முன்னாடி இருந்தா ஊரு சிரிக்கும்."

*

ஒத்திகைக்கு நாள் குறித்ததும் மேடம் மறுபடி வந்து ஆளுக்கொரு வேடம் பிரித்தார். மூத்த தறிக்காரர் பொன்னுசாமி தீயணைப்புக் குழுத் தலைவர். கமலத்துக்கு முழங்கால் வலி, எப்படியும் ஓட முடியாது என்பதால் அவள் 'காயமடைந்தவர்'. பின்வாசலுக்கு உள்பக்கமாகத் தூக்குப்படுக்கையில் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும்.

"எத்தினி நாழி படுக்கணும் மேடம்?" என்று கமலம் கேட்டாள்.

"நான் வந்து எழுந்திருங்கன்னு சொல்ற வரைக்கும். என்ன ஆனாலும் கண்ணைத் திறக்கக் கூடாது. காயமடைந்தவங்க கண்ணைத் திறந்ததால ரெண்டு ஊர்ல ஒத்திகையே செல்லாமப் போச்சு."

"படுக்கத்தானே, படுத்துட்டாப் போச்சு. முப்பது வருஷத்துல இந்தச் சங்கம் எனக்குக் குடுத்த நல்ல வேலை இதுதான்," என்றாள் கமலம்.

ஒத்திகை நாளன்று காலை பத்தரை மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றி விழா தொடங்கியது. லோகநாதன் அரை மணி நேரம் பேசினார். "இதுவரை நம்ம சங்கத்துல ஒரு காட்டுத்தீகூட வந்ததில்லை. அதுக்குக் காரணம் நிர்வாகத்தின் விழிப்புணர்வுதான்," என்றார். புதிதாக வாங்கிய நான்கு சிவப்பு அணைப்பான்களை மேடையில் வைத்து மாலை போட்டிருந்தது. படம் எடுத்ததும் அவற்றை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். தணிக்கைக்கு முன்னால் சீல் உடைந்தால் பதில் சொல்ல முடியாதாம்.

பதினொன்றரைக்குக் கமலம் தலையில் கட்டோடு உள்ளே போய்ப் படுத்தாள். மற்ற எல்லாரும் வரிசையாக ஏரிக்குள் நடந்து பச்சைப் பலகையடியில் கூடினார்கள். மேடம் கைபேசியைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். முகம் சுருங்கியது.

"எல்லாம் சரி. புகை இல்லையே. புகை இல்லாத படத்தைப் பார்த்தா நாம சும்மா நிக்கற மாதிரி இருக்கும்."

"பொன்னுசாமி, ரெண்டு பிடி வைக்கோல் வச்சிக் கொளுத்து," என்றார் லோகநாதன்.

ஜெயவேல் குறுக்கே போய் நின்றார். "சார், வாணாம் சார். காத்து அடிச்சிகினு கீது. புல்லு எப்படி காஞ்சி கெடக்குது பாருங்க."

"யோவ், தீ இல்லாம எத்தையா அணைக்கறது? உனக்கு எல்லாத்துக்கும் பேஜார்."

பொன்னுசாமி தயங்கித் தயங்கித் தீக்குச்சியைக் கிழித்தார்.

வைக்கோல் ஒரு கணம் சமர்த்தாகப் புகைந்தது. மேடம் ஆறு படம் எடுத்தார். அப்புறம் கிழக்கேயிருந்து ஒரு காற்று வந்து, வைக்கோலைப் பிடித்த தீயைக் கோரைக்குக் கைமாற்றிவிட்டது. சடசடவென்று ஒரு வரிசை எரிந்தது. அடுத்த வரிசை. கூடியிருந்தவர்கள் இதுவும் ஏற்பாடுதான் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

"ரொம்ப இயற்கையா இருக்கு," என்றார் மேடம், படம் எடுத்துக்கொண்டே.

பச்சைப் பலகை பற்றியபோதுதான் கைதட்டல் நின்றது. எல்லாரும் தெருப் பக்கம் ஓடினார்கள். லோகநாதன் தெருவில் நின்று வருகைப் பதிவேட்டைத் திறந்து, பெயர் வாசிக்க ஆரம்பித்தார். திட்டத்தில் ஏழாவது படி அதுதான். மேடம் மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டு, "சார், ஒரு தீ... இல்லை சார், ஒத்திகைத் தீதான், ஆனா எரியுது சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் யாரோ அது எந்தப் படிவத்தில் வரும் என்று கேட்டிருக்க வேண்டும். மேடம் மடிக்கணினியைத் தேடினார்.

ஜெயவேல் ஓடுகிற போதே தன் கைபேசியில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டு இடத்தைச் சொல்லிவிட்டார். திரும்பிப் பார்த்தார். தீ தறிக்கூடத்துச் சுவரை எட்டி, ஃப்ளெக்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தது. படத்தில் பாதிதான் எரிந்துகொண்டிருந்த காடு இப்போது முழுக்க எரிந்தது. கைகூப்பிய லோகநாதன் கடைசி வரைக்கும் சிரித்தபடி சுருண்டு போனார். உருகிய பிளாஸ்டிக் சொட்டுச் சொட்டாகப் பின்வாசல் கதவின் மேல் விழுந்தது.

"கமலம்..." என்று லோகநாதன் வாசித்தார். பதில் இல்லை.

ஜெயவேல் கூடத்தை நோக்கித் திரும்பி ஓடினார். முன்வாசல் வழியாக உள்ளே பாய்ந்தார். கூடம் முழுக்கப் புகை. தறிகளுக்கு இடையே குனிந்து, ஒவ்வொரு தறிக்காலாகத் தடவிக்கொண்டே போனார். கடைசியில், பின்வாசல் ஓரத்தில், தலையில் கட்டோடு கமலம் படுத்திருந்தாள். கண் இறுக மூடியிருந்தது. இருமல் குலுக்கியது. ஆனாலும் அசையவில்லை.

"அக்கா! எழுந்திரு அக்கா! ஜல்தி!"

"மேடம் வந்துட்டாங்களா?" என்றாள் கமலம், கண்ணைத் திறக்காமல்.

"தீ வந்துடுச்சு!"

"அதான் தெரியுமே. தீ வந்ததாலதானே நான் அடிபட்டுக் கெடக்கறேன்."

"நெசத் தீ அக்கா! கதவு எரியுது!"

கமலம் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். தலைக்கு மேலே கதவுச் சட்டம் பளபளவென்று எரிந்தது. "ஐயோ, பாவிங்களா!" என்று எழுந்தவளுக்கு முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை. ஜெயவேல் அவளைத் தோளோடு அணைத்து வெளியே இழுத்து வந்தபோது, சட்டத்திலிருந்து விழுந்த தணல் அவர் இடது முழங்கையைத் தீய்த்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"தண்ணி எங்கப்பா?" என்று பொன்னுசாமி கத்திக்கொண்டிருந்தார். பாதிப் புருவம் கருகியிருந்தது.

"பட்டறைக்கு வாங்க! தொட்டியில கீது!"

அன்றைக்கு ஆறு தொட்டியும் நிறைந்திருந்தன. ஒன்றில் அரக்கு, ஒன்றில் கிளிப்பச்சை, ஒன்றில் மாம்பழ மஞ்சள். மற்ற மூன்றும் அலசுகிற தண்ணீர். தறிக்காரர்கள் சாக்குகளை முக்கி எடுத்தார்கள். பெண்கள் குடம் குடமாக வரிசையில் கைமாற்றினார்கள். கமலம் தலைக்கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு வரிசைக்கு முன்னால் நின்றாள். அரக்குத் தண்ணீர் கதவில் பட்டது. பச்சைத் தண்ணீர் உத்தரத்தில் பட்டது. ஈரச் சாக்கால் புல்லை அடித்து அடித்துச் சுவரை விட்டுத் தீயைப் பின்னுக்குத் தள்ளினார்கள். தெருவிலிருந்து ஓடிவந்து, "அனுமதி இல்லாம சாயத்தை..." என்று தொடங்கிய லோகநாதன் மேல் ஒரு குடம் மஞ்சள் தவறிப் போய் விழுந்தது. பக்கத்தில் நின்ற மேடத்தின் வெள்ளைச் சேலை அரக்கானது. யார் கைதவறியது என்று பிறகு கேட்டபோது ஒருவருக்கும் நினைவில்லை.

தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது ஏரியின் மேற்குப் பாதி கருகிக் கிடந்தது. தீயணைப்புக்காரர்கள் மிச்சத் தணலை அணைத்தார்கள். பின்கதவு போனது. இருபத்து நான்கு பாவில் ஒரு இழைகூடப் போகவில்லை. பொன்னுசாமி தன் தறிக்கு முன்னால் உட்கார்ந்து, பாவின் மேல் கையை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "நானே கொளுத்திட்டேனேப்பா," என்றார். ஜெயவேல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

*

பதினைந்து நாளில் அறிக்கை வந்துவிட்டது. காட்டுத்தீயை நேரடியாகச் செய்து காட்டிய முதல் பணியிடம் என்று பொன்னூசி சங்கத்துக்குக் கேடயம் அறிவித்திருந்தார்கள். வாங்கிக்கொள்ள லோகநாதன் சென்னைக்குப் போக வேண்டும். அதே உறையில் ஜெயவேலுக்கு ஒரு குறிப்பாணை. பெயர் வாசித்தபோது ஒன்றுகூடும் இடத்தில் இல்லாதது ஏன்? காயமடைந்தவரை மருத்துவக் குழு வருமுன் எழுப்பியது ஏன்? சங்கத்தின் சாயத்தைத் தீயில் ஊற்ற யார் அனுமதித்தது?

ஜெயவேல் அந்தத் தாளை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். படவேட்டிலிருந்து கல்யாணமாகி வந்த அவர் மனைவி சங்கீதா, கையில் மருந்து தடவிக்கொண்டே கேட்டாள்: "இப்போ இன்னா பதில் எழுதப் போறே?"

"தெரியலம்மா. தப்பு எங்க நடந்துச்சுன்னே புரியல."

"கிழக்கால இன்னும் புல்லு நிக்குதா?"

"நிக்குது. நூல் கிடங்குச் சுவர் வரைக்கும்."

"அப்போ மொதல்ல அத்தப் பாரு. பதில் எங்கியும் ஓடிடாது."

லோகநாதன் சென்னைக்குப் போன அன்று காலை, ஜெயவேல் யாரிடமும் மனுக் கொடுக்காமல் ஓர் அரிவாளோடு ஏரியில் இறங்கினார். ஆரஞ்சுச் சட்டை போடவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு அரிவாள் சத்தம் கேட்டது. பொன்னுசாமி. அப்புறம் ஒவ்வொருவராகப் பத்துப் பன்னிரண்டு பேர். கமலம் அறுத்த புல்லைக் கட்டாகக் கட்டிப் போட்டாள். மாடு வைத்திருப்பவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். முதல் நாளில் பாதிதான் முடிந்தது. மறுநாள் விடிந்ததும் திரும்ப இறங்கினார்கள்.

ஒன்பது மணிக்கு லோகநாதன் கேடயத்தோடு பேருந்து நிலையத்திலிருந்து நேரே வந்து சேர்ந்தார். கரைமேல் நின்று பார்த்தவர் முகம் கறுத்தது.

"இன்னாய்யா நடக்குது இங்க? யாரு உத்தரவு குடுத்தது?"

அரிவாள்கள் நின்றன. ஜெயவேல் நிமிர்ந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தபோது கமலம் முந்திக்கொண்டாள்.

"ஒத்திகை சார்."

"ஒத்திகையா?"

"ஆமா சார். புல்லு அறுக்கற ஒத்திகை. நீங்க வந்துதான் ஆரம்பிச்சி வைக்கணும்னு எல்லாரும் காத்துகினு கீறோம்."

லோகநாதன் ஒரு முறை எல்லாரையும் பார்த்தார். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கேடயத்தை ஒரு புல்கட்டின் மேல் பார்வையாகச் சாய்த்து வைத்தார். தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டார்.

"படம் எடுப்பீங்க இல்ல?"

"அதுக்குத்தானே சார் நான் இருக்கறேன்," என்று கமலம் இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்தாள். "அரிவாள இப்படிப் பிடிங்க. குனிஞ்சி அறுங்க சார். சும்மா நின்னா மேலிடத்துல நம்ப மாட்டாங்க."

லோகநாதன் குனிந்து ஒரு பிடி அறுத்தார்.

"கண்ணு மூடிட்டீங்க சார். இன்னொருக்கா."

இன்னொரு பிடி.

"வெயில் மூஞ்சில அடிக்குது. கொஞ்சம் அந்தப் பக்கமா அறுத்துகினே போங்க சார்."

ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டு தன் வரிசையை அறுத்தார். பொன்னுசாமியின் தோள் குலுங்குவதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். லோகநாதன் சட்டையை வேர்வை நனைக்க, கமலம் கைகாட்டின பக்கமெல்லாம் அறுத்துக்கொண்டே போனார். ஒரு தடவை கை ஆடிவிட்டது, ஒரு தடவை மேகம் மறைத்தது, ஒரு தடவை தும்மல் வந்தது. பதினோரு மணிக்குள் நூல் கிடங்குச் சுவர் ஓரம் முழுவதையும் செயலாளரே சுத்தமாக அறுத்து முடித்திருந்தார்.

"எத்தினி படம் தேறிச்சி?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

கமலம் கைபேசியைத் திருப்பிப் பார்த்தாள். எண்களை அழுத்திப் பேசுகிற பழைய போன் அது. கேமரா கிடையாது.

"எல்லாமே நல்லா வந்திருக்கு சார்," என்றாள்.